இடது சீட்டில் இருந்து எண்ணியவன்

இது நடந்தது. பார்த்தவன் ஊரில்தான் இருக்கிறான். கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் சாலையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ரவூப். பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவான். இன்றைக்கு அவன் எந்தக் காரின் இடது கதவைத் திறந்தாலும், முதலில் கண்ணாடி வழியாக உள்ளே பார்க்கிறான்.

எல்லாம் ஒரு இன்ஜினால் வந்தது.

ரவூப்பின் மனைவி முஹ்சினாவுக்கு ஒரே தம்பி, நிஷாத். அந்த ஞாயிற்றுக்கிழமை கோவையில் கார் பந்தயம் ஓட்ட இருந்தவன். அவனுக்காக ரவூப் ஒரு பழைய கான்டெசா காரின் இன்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஜப்பான் கார் ஒன்றின் ரோட்டரி இன்ஜினை ஏற்றினான். சென்னையில் பழைய இன்ஜின் விற்கும் பைரோஸ் லாரியில் போட்டு அனுப்பியது. முன்பு யார் வண்டியில் இருந்தது என்று பைரோஸ் சொல்லவில்லை. ரவூப்பும் கேட்கவில்லை.

ரோட்டரி ஒரு விசித்திரமான ஜாதி. பிஸ்டன் கிடையாது. முக்கோணமாக ஒன்று உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும். மற்ற இன்ஜின்கள் அளவுக்கு மேல் போனால் கத்தும், உதறும். இது கத்தாது, உதறாது. சுகமாக ஏறிக்கொண்டே போய், திடீரென்று உடையும். அதனால் நிமிடத்துக்கு இத்தனை சுற்று வந்தால் பெட்ரோலை நிறுத்து என்று லாப்டாப் வழியாக ஒரு எல்லை வைத்தே ஆக வேண்டும். ரவூப் ஏழாயிரம் வைத்தான். ஒன்பதாயிரத்தைத் தொட்டால் அந்தப் பழைய இன்ஜின் தாங்காது. வளைவில் உடைந்தால் வண்டியும் ஆளும் மிஞ்ச மாட்டார்கள்.

"எனக்குனு இருக்கறது அவன் ஒருத்தன்தான். முழுசா திருப்பிக் குடுங்க," என்றாள் முஹ்சினா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

ஸ்டார்ட் செய்து சும்மா நின்றபோது, சுற்றைக் காட்டும் மீட்டர் முள் ஐந்நூறில் நின்றது. கம்மிதான். ரோட்டரி என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று விட்டுவிட்டான். முப்பது வண்டிக்கு இன்ஜின் மாற்றிய கைக்கு வரும் திமிர் அது.

புதன்கிழமை, மதியம் 3.10. வெள்ளிமலை போகும் மலைச்சாலையில் தனியாக வண்டியை ஏற்றினான். வெயில் இருந்தது. பின்சீட்டைக் கழற்றியிருந்தான். இடது சீட் காலி.

3.22. முள் மூவாயிரத்தில்.

"ஆறாயிரம்."

இடது காதுக்குப் பக்கத்தில். ஆண் குரல். தெரியாத குரல். கோபமும் இல்லை, பயமும் இல்லை. எடை மிஷின் மாதிரி வெறும் எண்.

போனைப் பார்த்தான். அணைந்து கிடந்தது. வண்டியில் ரேடியோவே கிடையாது.

முள் மூவாயிரத்து ஐந்நூறு.

"ஏழாயிரம்."

காலை எடுத்தான்.

"அஞ்சாயிரம்... நாலாயிரம்... ரெண்டாயிரம்..."

ஓரங்கட்டி சாவியைத் திருப்பினான். இன்ஜின் நின்றது. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை.

இடது பக்கம் திரும்பினான்.

காலி சீட். ஆனால் சீட் பெல்ட் மாட்டியிருந்தது. உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் எப்படி விம்மி நிற்குமோ... அப்படி நின்றது.

டக்.

பெல்ட் தானாகக் கழன்று உள்ளே ஓடியது.

எப்படிக் கீழே வந்தான் என்று அவனுக்கே நினைவில்லை. ஆனால் எண் மண்டையை விட்டுப் போகவில்லை. முள் மூன்று காட்டும்போது குரல் ஆறு என்றது. ரைஸ்மில் மோட்டார் பார்க்கும் தங்கதுரையிடம், ஒளி அடித்துச் சுற்றை எண்ணும் கை மீட்டரை இரவல் வாங்கினான். இன்ஜினின் முன்னால் சுற்றும் புல்லியில் வெள்ளை டேப் ஒட்டி அளந்தான். முள் ஐந்நூறு, கை மீட்டர் ஆயிரம். முள் மூவாயிரம், கை மீட்டர் ஆறாயிரம்.

தப்பு அவனுடையது. நாலு சிலிண்டர் பழக்கத்தில் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு என்று கணக்கு போட்டிருந்தான். அவன் சிக்னல் எடுத்த கம்பியில் சுற்றுக்கு ஒன்றுதான் வந்தது. அவன் வைத்த ஏழாயிரம் உண்மையில் பதினாலாயிரம். எல்லையே இல்லாத வண்டியில் நிஷாத்தை ஏற்றிவிட இருந்தான். ஒர்க்‌ஷாப் தரையில் உட்கார்ந்து அழுதான்.

சரிசெய்து, கை மீட்டர் வைத்து அளந்து, நிஜமான ஏழாயிரத்தை வைத்தான். குரலைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. நல்லது சொன்ன குரல்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை, காலை 8.15. அதே மலைச்சாலை. நிஷாத் ஓட்டினான். ரவூப் மேல் வளைவில் நின்றான். முதல் ஓட்டம் சுத்தம். இரண்டாவதில், கீழேயிருந்து சத்தம் வந்தது. பட்... பட்... பட்... பெட்ரோல் நின்று நின்று வருகிறது, எல்லை வேலை செய்கிறது. நிம்மதியாக இருந்தது.

நிஷாத் முகத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

"இன்னா மச்சான், அஞ்சாயிரத்துலயே கட் ஆவுது? ஒம்பதுக்கு ஏத்துங்க."

"முள்ளு இன்னாடா காட்டுச்சு?"

"ஏழு. முள்ளு தப்பு மச்சான். நீங்கதான அஞ்சாயிரம்னு சொல்லிக்கினே வந்தீங்க."

"நானா?"

"ஸ்பீக்கர எங்க ஒளிச்சு வெச்சீங்க? இடது சீட்டாண்டயிருந்து உங்க குரல்தான். மொத ரவுண்டுல முள்ளும் நீங்களும் கரெக்டா ஒத்துப்போச்சு. இப்பதான் முள்ளு ஜாஸ்தி காட்டுது."

ரவூப் யோசித்தான். புதன்கிழமை முள் பொய். குரல்தான் நிஜம்... இப்போதும் அப்படித்தானோ? கை தானாக லாப்டாப்பைத் திறந்தது. ஏழை அழித்தது. ஒன்பது அடித்தது. இன்னும் ஒரு தட்டு தட்டினால் போதும்.

கை மீட்டர் டிக்கியில் இருந்தது.

"இருடா. ஒருவாட்டி அளந்துக்கறேன்."

பானெட்டைத் தூக்கினான். நிஷாத் ஏறி உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்தான். பட்... பட்... பட்...

கை மீட்டர்: ஏழாயிரம்.

முள்: ஏழாயிரம்.

வண்டிக்குள்ளிருந்து, ரவூப்பின் குரலில்... "அஞ்சாயிரம்."

ரவூப் தன் வாயைப் பொத்தினான். மூடித்தான் இருந்தது.

ஜன்னல் வழியே தலையை நீட்டி நிஷாத் அவனைப் பார்த்தான். கதவைத் தள்ளித் திறந்துகொண்டு ரோட்டில் விழுந்தான். ரவூப் சாவியைப் பிடுங்கினான். வண்டியைப் பிறகு மினி லாரியில் கட்டித்தான் இறக்கினார்கள்.

காலை 11.40. பைரோஸுக்கு போன் போட்டான்.

"இன்ஜின் யார் வண்டிலேர்ந்து வந்துச்சு? மறைக்காம சொல்லு."

பைரோஸ் சொன்னான்.

"ஓசூராண்ட ஒரு பையன். நான்தான் அவனுக்கும் வித்தேன். ஒருநாள் போன் பண்ணி, அண்ணே, நீங்க நம்பர் சொல்லி ரெக்கார்டு பண்ணி வெச்சது நல்லா இருக்குது, மீட்டருதான் தப்பு காட்டுது, லிமிட்ட எடுத்துட்டேன்னான். மறுநாளு வண்டி பள்ளத்துல கெடந்துச்சு. இன்ஜினுக்குப் பின்னாடி சுத்தற ஃப்ளைவீல் சக்கரம் பிச்சுக்கினு போயிருந்துச்சு. பையன் அங்கயே போயிட்டான். இன்ஜினுக்குள்ள ஒரு கீறல் கூட இல்ல ரவூப்."

"நீ ரெக்கார்டு பண்ணி வெச்சியா?"

"அந்த வண்டிய நான் கண்ணால கூடப் பாத்ததில்லப்பா."

பந்தயத்துக்கு யாரும் போகவில்லை. தம்பி வீட்டில் முழுசாக உட்கார்ந்திருக்கிறான் என்று முஹ்சினாவுக்கு நிம்மதி. நிஷாத் இப்போது ரவூப்பின் போனை எடுப்பதில்லை. பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் சொல்வதும் இல்லை. திரும்பி, ரவூப்பின் உதடு அசைகிறதா என்று பார்த்த பிறகுதான் வாயைத் திறக்கிறான்.