பதினேழு மணி நேரம்

எங்கள் வீட்டுக்கு முதல் ஸ்மார்ட்போன் வந்த வருஷம் எனக்குப் பதினொரு வயது. யார் எதைக் கேட்டாலும் அதில் தேடிச் சொல்லிவிடுவேன் என்பதால் வீட்டில் எனக்கு அசாத்திய மரியாதை. அந்த மரியாதை தலைக்கேறியிருந்த நேரத்தில்தான் ஒரு மதியம் தாத்தா இறந்துபோனார்.

மூத்த மகனான பெரியப்பா சிகாகோவில் இருந்தார். கொள்ளி வைக்க வேண்டியவர் அவர்தான். "நம்ம ஊரு நேரம் ராத்திரி ஒம்பதுக்கு ஏறிடுவேன். நான் வர்ற வரைக்கும் எடுத்துடாதீங்கப்பா" என்று போனில் அழுதார். அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை.

மறுநாள் மாலை ஆறு மணிக்குத் தெருக்கோயிலில் சாமி புறப்பாடு. தெருவில் பிணம் கிடந்தால் சாமி அந்தப் பக்கம் வராது. கோயில்காரர்கள் வந்து, எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டார்கள். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"சிகாகோவுலேர்ந்து மெட்ராஸ் வர எத்தினி மணி நேரம் ஆவும், பாரும்மா."

தேடினேன். இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே ஒரு கோடு போட்டு, தூரம் பதினாலாயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, பறக்கப் பதினேழு மணி நேரம் என்று காட்டியது. அந்தக் கோடு வழியில் எங்கும் நிற்கவில்லை. சத்தமாகப் படித்தேன். அப்பா அதோடு அங்கிருந்து எங்கள் காஞ்சிபுரம் வரும் கார் நேரத்தையும் கூட்டி, "நாலு மணிக்கு அண்ணன் வந்துடும்பா. அஞ்சுக்கு எடுத்துடுறோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் பகல் பன்னிரண்டுக்குப் பெரியப்பா துபாயிலிருந்து பேசினார். சென்னைக்கு நேர் விமானம் கிடையாதாம். அடுத்ததைப் பிடித்து வீடு வந்து சேர விடிந்துவிடும் என்றார். அப்பா சட்டைகூடப் போடாமல் கோயிலுக்கு ஓடினார்.

"நேத்தே சொல்லியிருந்தா சாமிய அடுத்த தெருவால கூட்டிக்கினு போயிருப்போம்பா" என்றார் கோயில் பெரியவர். "அஞ்சு மணின்னு நீதான சொன்ன? அத நம்பி, சாமி இந்தத் தெருவுலதான் வருதுன்னு உபயக்காரங்க எல்லாருக்கும் சொல்லிட்டோமே."

ஐந்து மணிக்கு எடுத்தார்கள். கொள்ளியை அப்பாவே வைத்தார்.

விடிந்ததும் பெரியப்பா வந்தார். கழுவிவிட்டிருந்த கூடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "நாலு மணிக்கு நான் வந்துடுவேன்னு கணக்கு போட்டது யாருடா?" என்றார்.

நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். போன் என் கையில்தான் இருந்தது.

"நாந்தாண்ணே. தப்பா போட்டுட்டேன்" என்றார் அப்பா.

"கொள்ளி வெக்க அவ்ளோ அவசரமாடா உனக்கு?"

அதுதான் பெரியப்பா அவரிடம் கடைசியாகப் பேசியது. காரியம் முடிந்ததும் போனவர், திரும்ப வரவேயில்லை.

அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. இன்றைக்கும் சில நாள், தறியில் உட்கார்ந்தபடி, "சிகாகோவுல இப்ப மணி இன்னாம்மா?" என்று கேட்பார். பார்த்துச் சொல்வேன். கேட்டுக்கொண்டு மறுபடி நெய்வார். பெரியப்பாவைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

பெரியப்பா வந்த அன்று காலை, நல்லவேளை மாட்டிக்கொள்ளவில்லை என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. அதற்கு விலையாக அப்பா தன் ஒரே அண்ணனைக் கொடுத்திருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.