மாரீஸ்வரின்னு கூப்பிட்டான்

பேய் பிசாசை நம்புற ஆளு இல்ல நான், அதை மொதல்லயே சொல்லிப்புடுறேன். ராஜபாளையத்துல பேண்டேஜ் துணி மில்லுல பதினாலு வருசமா வேலை பாக்கேன். அங்க குடோன்ல யாரோ பொம்பளை இருமுறான்னு பிள்ளைக அம்புட்டும் அலறுனப்போ, தனியா உள்ள போயி, காத்துல ஆடுற தகரத்தைப் பிடிச்சு ஆட்டிக் காட்டுனவ நான். இதைக் கேட்டுட்டு நீங்க சிரிச்சாலும் சரிதான். சொல்லும்போது எனக்குப் பயம் வரல, கோவம்தான் வருது.

மில்லுல என் பக்கத்துல நின்னு துணி மடிச்சவ மாரீஸ்வரி. அதிர்ந்து பேச மாட்டா. அவ புருசன் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளிய ஒரு தோப்புல ராஜபாளையம் நாய் வளத்து குட்டி விக்கிறவன். அவளுக்கு மஞ்சக்காமாலை வந்து கண்ணெல்லாம் மஞ்சளாப் போச்சு, நானே அவனுக்கு போனைப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னேன். என்ன சொன்னான் தெரியுமா? "நாய்க்கே ஊசி போடுறவன் நான், எனக்குத் தெரியாதா"ன்னான். மூணு வாரம் தாங்கல அவ. போயிட்டா.

அதோட விட்டானா? அவன் வளத்த நாய் ஒன்னு குட்டி போட்டுச்சு, அதுல ஒரு பொட்டைக்குட்டிக்குக் காது சுத்தமா கேக்காது. நல்ல வெள்ளையா பொறக்குற குட்டிகள்ல சிலதுக்கு அப்பிடி ஆயிரும், ஒருத்தரும் வாங்க மாட்டாக. அந்தக் குட்டிக்கு இவன் பொண்டாட்டி பேரை வச்சான். தோப்புக்கு வர்றவன் போறவன் முன்னாடி, "ஏட்டி மாரீஸ்வரி, செவிட்டு மூதி"ன்னு கூப்பிட்டு மிதிப்பானாம். கேட்டுட்டுச் சிரிக்கவும் நாலு பேரு இருந்திருக்கான், அவனுகளை என்னன்னு சொல்ல.

நாய்களைக் காப்பாத்தி வீடு பாத்துக் குடுக்கிற பிள்ளைக சில பேரு போலீஸைக் கூட்டிட்டுப் போயி அதை மீட்டுட்டு வந்துட்டாக. வாட்சப்புல போட்டோ வந்துச்சு. எலும்பும் தோலுமா ஒரு நாய், கழுத்துல சங்கிலி அறுத்த புண்ணு, கீழ எழுதியிருக்கு: பேரு மாரீஸ்வரி, வயசு ஒன்னரை, காது கேக்காது. சோத்துல கை வச்சிருந்தேன், அப்பிடியே எந்திரிச்சுட்டேன். மறுநாளே போயி கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டு வந்தேன்.

பேரை மாத்தணும்னு வழியிலயே முடிவு பண்ணிட்டேன். எங்க வீட்டுக்காரரு பட்டாளத்துல இருந்து வந்தவரு, எதுக்கும் ஒரு கணக்கு கேப்பாரு. "செவிட்டு நாய்க்கு எந்தப் பேரு வச்சா என்னட்டி, அதுக்குக் கேக்கவா போவுது?"ன்னாரு.

"அதுக்குக் கேக்காது. எனக்குக் கேக்கும்ல"ன்னேன்.

பவுனுன்னு பேரு வச்சேன். தெருவுல ஒவ்வொரு வீடா போயி, இது பேரு பவுனு, வேற பேரு யாரு வாயிலயும் வரக்கூடாதுன்னு சொல்லிட்டு வந்தேன். காது கேக்காதுங்கிறது சும்மா பேச்சில்ல, டாக்டரும் பாத்துட்டாரு. கோயில் திருவிழாவுல வாசல்லயே வெடி வெடிச்சாக, தூங்கிட்டே கெடந்துச்சு. கையைக் காட்டித்தான் கூப்பிடணும்.

கூட்டிட்டு வந்து ரெண்டு மாசம் இருக்கும். ஒரு ஞாயித்துக்கெழமை, மத்தியானம் ரெண்டு மணி, நல்ல வெயிலு. வீட்டுக்காரரு மகாராஜபுரத்துல ஒரு விசேஷத்துக்குப் போயிட்டாரு, வீட்டுல நானும் பவுனும்தான். வாசல்ல பைக் சத்தம். அவன்தான், மாரீஸ்வரி புருசன். எவனோ பேரு மாத்துன கதையை அவன்கிட்டப் போயி சொல்லியிருக்கான்.

"என் நாய்க்குப் பேரு மாத்த நீ யாருட்டி?"ன்னான்.

"உம் பொண்டாட்டி பேரை நாய்க்கு வைக்க நீ யாருலே?"ன்னேன். கிரில் கதவு பூட்டித்தான் இருந்துச்சு. எனக்கு அம்புட்டு ஆத்திரம். பவுனு எங்காலடியில, அவனுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக் கெடக்கு.

அவன் என்னைப் பாத்துச் சிரிச்சுட்டே, வேணும்னே, தெருவே கேக்குற மாதிரி கத்துனான். "ஏட்டி மாரீஸ்வரி! வாட்டி வெளிய!"

பவுனு அசையல. ஆனா உள்ள எங்க அடுப்படியில இருந்து ஒரு பொம்பளைக் குரல் கேட்டுச்சு. "இந்தா வந்துட்டேங்க."

நம்புனா நம்புங்க, நம்பாட்டிப் போங்க. அது மாரீஸ்வரி குரல். மில்லுல அவன் போன் அடிச்சா மடிச்ச துணியைக் கீழ போட்டுட்டு, மூச்சு வாங்க அவ சொல்லுறது அதே வார்த்தைதான், அதே பதட்டந்தான். வெடிச் சத்தத்துக்கு முழிக்காத நாயி எந்திரிச்சு அடுப்படியைப் பாத்து வாலை ஆட்டுது.

அவன் மூஞ்சி வெளுத்துப் போச்சு. எனக்கு மட்டும் அப்போ பயம் வரலைங்க, கோவம்தான் பொத்துக்கிட்டு வந்துச்சு. செத்த பொறவும் இவன் கூப்பிட்டா ஓடி வரணுமா அவ? அங்கயாவது அவளுக்கு இவன்கிட்ட இருந்து விடுதலை கெடையாதா? என்ன செய்றோம்னு யோசிக்காம அடுப்படிப் பக்கம் திரும்பிக் கத்துனேன். "நீ வராதத்தா! எவன் கூப்பிட்டாலும் வராத! உள்ளயே இரு!"

திரும்பிப் பாக்கேன், அவன் பைக்கைத் தள்ளிட்டே ஓடுறான், ஸ்டார்ட் பண்ணக்கூட முடியல. அன்னையில இருந்து எங்க தெருப் பக்கம் அவன் தலை தெரியல.

பொறவுதான் உள்ள போயிப் பாத்தேன். அடுப்படியில யாரும் இல்ல, பின்கதவு தாழ் போட்டபடி இருக்கு. சாயங்காலம் எதுத்த வீட்டு பாத்திமா அக்கா வந்து, "வீட்டுக்கு யாரு வந்திருக்கா? மத்தியானம் உள்ள இருந்து ஒரு பொம்பளை பேசுன மாதிரி இருந்துச்சே"ன்னு கேட்டாக. சொந்தக்காரவுகன்னு சொல்லிட்டேன், வேற என்ன சொல்ல.

அவனைப் பத்தி எனக்கு ஒரு கவலையும் இல்ல. ஒன்னுதான் உறுத்துது. உள்ளயே இருன்னு சொன்னவ நான். அவ சொன்ன பேச்சைத் தட்டுறவளே கெடையாது. வெளிய போன்னு இன்னைக்கு வரைக்கும் நான் அவகிட்டச் சொல்லல.