விழுங்காத மாத்திரைகள்

பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் ஏழு வருடம் பாலியல் தொழில் செய்தவள் நான். அதற்கு முன்னால் அதே லாட்ஜுகளில் அறை கூட்டிக்கொண்டிருந்தேன். புருஷன் விட்டுப்போன பிறகு, மகளை வளர்க்க அந்தக் கூலி போதவில்லை. இதை எழுதும்போது இப்போது எனக்குக் கை கூசவில்லை.

அந்தத் தொழிலை விட்ட பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். தொழிலில் இருக்கும் முப்பது சொச்சம் பெண்கள் என் பொறுப்பு. அவர்களுக்கு ஆணுறை கொடுக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்ப் பரிசோதனை செய்ய வைக்க வேண்டும். புதிதாக வரும் பெண்ணுக்கு, உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும், டாக்டரம்மா சில மாத்திரைகள் தருவார். எல்லாவற்றையும் ஒரே வேளையில் விழுங்கிவிட வேண்டும்.

"பால்வினை நோய் வந்தா ஆம்பளைக்கு எரிச்சல், சீழ்னு வெளிய தெரிஞ்சிடும். பொம்பளைக்கு உள்ளயே இருக்கும், பல பேருக்கு ஒண்ணுமே தெரியாது. தெரியறப்ப கர்ப்பப்பை வரைக்கும் போயிருக்கும். அதனாலதான் முன்கூட்டியே குடுக்கறோம்" என்று அவர் ஒவ்வொருத்தியிடமும் சொல்வார். நாங்கள் தலையாட்டுவோம்.

காலை பத்து மணிக்குத்தான் எங்களைப் பார்ப்பார்கள். பெரும்பாலும் யாரும் சாப்பிட்டிருக்க மாட்டோம். "சாப்ட்டுட்டுப் போட்டுக்கங்க" என்று நர்ஸம்மா மாத்திரைகளைக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார். மறுநாள் நான் போய், "போட்டியா?" என்று கேட்பேன். "போட்டுட்டேன்க்கா" என்பாள். நானும் நோட்டில் டிக் அடித்துவிடுவேன். இப்படியே இரண்டு வருடம் ஓடியது.

பஸ் ஸ்டாண்ட் வாசலில் பூ விற்கும் பெண் ஒருத்தி இருந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். பூவில் வருவது பத்தாமல் அவளும் தொழிலுக்கு வந்தவள். ஒரு மத்தியானம் வேங்கிக்காலில் அவள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் பெண் குழந்தைக்கு இருமல், இரண்டு நாளாகக் காய்ச்சல். என்னை உட்காரச் சொல்லிவிட்டு அரிசி டப்பாவுக்குள் கைவிட்டு ஒரு கவரை எடுத்தாள்.

"அக்கா, இது பெரிய ஆஸ்பத்திரி மாத்திரைதானே? பாதி ஒடச்சி பாப்பாவுக்குக் குடுக்கலாமா?"

நர்ஸம்மா கொடுத்த அதே கவர். அதற்குள் ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை. மூன்று மாதத்துக்கு முன்பே அவள் பெயருக்கு எதிரே நான் டிக் அடித்திருந்தேன்.

"அய்யோ, குடுத்துடாத! இத நீ போட்டேன்னு சொன்னியே?"

அவள் தலை குனிந்துகொண்டாள். "நோவே இல்லாதவளுக்கு எதுக்குக்கா மாத்திரை? எங்களப் பாத்தா நாறிப்போனவளுங்க மாதிரி இருக்குதான்னு கோவம் வந்துச்சி. போடல."

குழந்தையை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்க் காட்டினோம். அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. காரணம், நான் தொழிலில் இருந்தபோது எனக்குக் கொடுத்த மாத்திரைகளை நானும் விழுங்கியதில்லை. அவளுக்கு வந்த அதே கோபம் எனக்கும் வந்திருந்தது. கால்வாயில் வீசிவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க நான் மற்றவர்களிடம் போய் வேறு மாதிரி கேட்டேன். "நான் போடல. நீ?" என்றேன். அப்படிக் கேட்டதும் உண்மை வந்தது. ஒருத்தி, வீட்டில் மாமியார் கவரைப் பார்த்துவிடுவாள் என்று குப்பையில் போட்டிருந்தாள். ஒருத்திக்குக் கர்ப்பப்பை காய்ந்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வெறும் வயிற்றில் போட்டு வாந்தியெடுத்தவள் ஒருத்தி. அவள் பேச்சைக் கேட்டுப் பயந்துபோய் நான்கு பேர் தொடவேயில்லை. ஒழுங்காக விழுங்கியவர்கள் கம்மி.

பத்து நாளில் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் ஆய்வுக் கூட்டம் வந்தது. அதிகாரிகள், எங்கள் ஒருங்கிணைப்பாளர், டாக்டரம்மா, களப்பணியாளர்கள் என்று ஓர் அறை நிறைய ஆட்கள். ஓர் அதிகாரி என் நோட்டைப் புரட்டிப் பார்த்து, "இந்தம்மா ஏரியாவுல எல்லாரும் மாத்திரை போட்டிருக்காங்க. இப்படித்தான் வேலை செய்யணும்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்றேன்.

"சார், அது பொய்" என்றேன். "நான் எழுதனது பொய். பாதிப் பேருக்கு மேல போடவேயில்ல. அவங்க போட்டேன்னு சொன்னாங்க, நானும் எழுதிட்டேன்."

பக்கத்தில் இருந்த ஒருங்கிணைப்பாளர் என் புடவையைப் பிடித்து இழுத்தார். "உக்காரும்மா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். ஆனாலும் நின்றேன்.

"நானே போடல மேடம்" என்று டாக்டரம்மாவைப் பார்த்துச் சொன்னேன்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "திரும்பத் திரும்ப அதே தொந்தரவோட வராங்களே, இந்த மருந்து இப்ப வேலை செய்யலையோன்னு நான் யோசிச்சிக்கினு இருந்தேன். மருந்து வயித்துக்குள்ளயே போகலையா?" என்றார். பிறகு, "ஏன் போடல? நீயே சொல்லு" என்றார்.

ஒவ்வொன்றாகச் சொன்னேன். மாமியாரைச் சொன்னேன், வாந்தியைச் சொன்னேன், கர்ப்பப்பைப் பயத்தைச் சொன்னேன். கடைசியில், "நோய் வராம இருக்கக் குடுக்கறீங்கன்னு எங்களுக்குப் புரியல மேடம். எங்கள அழுக்குன்னு நெனச்சிக் குடுக்கறீங்கன்னுதான் தோணுச்சி" என்றேன். டாக்டரம்மா நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். படித்த மனுஷி ஒருத்தி நான் பேசப் பேச எழுதிக்கொண்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஒருங்கிணைப்பாளர் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. வேலை போய்விடும் என்றே நினைத்தேன். போகவில்லை. அடுத்த மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லியனுப்பினார்கள்: எங்கள் பெண்கள் இனி மத்தியானம் இரண்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு வரலாம், அங்கேயே நர்ஸம்மா முன்னால் மாத்திரையை விழுங்கிவிட்டு, வயிறு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம். வீட்டுக்குக் கவர் கிடையாது.

முதல் நாள் ஐந்து பேரைத்தான் என்னால் அழைத்துவர முடிந்தது. பூக்காரியும் வந்திருந்தாள். "நீ மொதல்ல போடு. நான் பாக்கறேன்" என்றாள். டாக்டரம்மா என்னைப் பரிசோதித்து, "நீ தொழில விட்டாலும் பரவால்ல, அப்ப போடாதத இப்ப போட்டுக்க" என்று சொல்லியிருந்தார். ஐந்து பேர் பார்க்க விழுங்கினேன். வயிறு கொஞ்சம் கடமுடா என்றது, அவ்வளவுதான்.

பூக்காரியைச் சோதித்தபோது உள்ளே ஏற்கெனவே புண் இருந்தது. அவளுக்கு வலியும் இல்லை, வெள்ளைப்படுதலும் இல்லை. டாக்டரம்மா அவளுக்குத் தனியாக வைத்தியம் சொன்னார். "அப்ப மாசாமாசம் நானே மெடிக்கல்ல வாங்கிப் போட்டுக்கறேன் மேடம்" என்றாள்.

"கூடவே கூடாது" என்றார் டாக்டரம்மா. "கண்டபடி போட்டா கிருமிக்குப் பழகிடும். நெஜமாத் தேவைப்படறப்ப கேக்காது. நாங்க குடுக்கறப்ப மட்டும் போடு. எச்.ஐ.வி.ய இது தடுக்காது, ஆணுறைய விட்டுடாத."

மூன்று மாதம் கழித்து அவள் பரிசோதனை அறையிலிருந்து வெளியே வந்து, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "உள்ள ஒண்ணும் இல்லையாம்க்கா!" என்று கத்தினாள். அன்றைக்கு விற்க வைத்திருந்த மல்லிகையில் முழம் முழமாகக் கிள்ளி நர்ஸம்மாவிலிருந்து கூட்டுகிறவர் வரை எல்லாருக்கும் கொடுத்தாள். அதன் பிறகு நான் தெருத்தெருவாகக் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. பௌர்ணமி கிரிவலக் கூட்டம் கலைந்த மறுநாள் மத்தியானம், பரிசோதனைக்கு முறை வந்த பெண்கள் தாங்களாகவே வந்து உட்கார்ந்திருப்பார்கள். என் நோட்டில் இப்போது இருக்கும் ஒவ்வொரு டிக்கும் நான் கண்ணால் பார்த்து அடித்தது.

போன தையில் அடி அண்ணாமலையில் என் அண்ணன் பேத்திக்குக் காது குத்தினார்கள். என் பழைய தொழில் ஊருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார்கள். அண்ணி என்னை ஒரு சொந்தக்கார அம்மாவிடம், "ஆஸ்பத்திரியில வேலை" என்று அறிமுகம் செய்தார். "நர்ஸா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"இல்லங்க. பொம்பளைங்களுக்குப் பால்வினை நோய் வராம பாத்துக்கற வேலை" என்றேன்.

அண்ணி சட்டென்று வேறு பக்கம் பார்த்தார். பந்தியில் இரண்டு பேர் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். நான் மோரை வாங்கி நிதானமாகக் குடித்தேன். கை கழுவப் போனபோது அந்த அம்மா பின்னாலேயே வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஒரு வருஷமா ஒரு தொந்தரவு இருக்குதும்மா. யார்கிட்டயும் சொல்லல" என்றார்.

"திங்கக்கெழம சாப்ட்டுட்டு ரெண்டு மணிக்கு வந்துடுங்க, நான் கூட இருக்கறேன்" என்றேன்.

வந்தார்.