குடோன் மாப்பிள்ளையும் கறுப்புப் பயறும்

பதினான்கு வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பயறு பிரித்த மனிதர் அவர். துறைமுகத்தை ஒட்டிய பெரிய குடோன். கடல் தாண்டி வந்த மூட்டையை மேஜையில் கொட்டினால், கோழி கொத்துகிற வேகத்தில் அவர் விரல் ஓடும். ஒரு மூட்டைக்கு ஒரே நிறம், ஒரே பருமன். சிறுத்தது, சுருங்கியது எல்லாம் கழிவுக் கூடைக்குப் போகும். இந்த வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று மேலாளரே சொல்லியிருக்கிறார். பிறகு எங்கோ ஒரு தேசத்தில் விளைச்சல் பொய்த்தது, அவர்கள் இனி அனுப்ப மாட்டோம் என்றார்கள், கப்பல் வரவில்லை, குடோனுக்குப் பூட்டு விழுந்தது. மேலாளரின் பாராட்டை வைத்து உலை ஏற்ற முடியுமா என்ன?

ஆக, நாற்பத்தொரு வயதில் பெண்டாட்டியோடும் மகளோடும் மாமியார் வீட்டுப் படியேறினார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இவருக்கு மூன்றாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. சரிவில் கிடக்கும் இரண்டு ஏக்கரில் மாமியாரும் மைத்துனனும் பாடுபட்டால்தான் அந்த வீட்டில் சாப்பாடு. இருந்தும் யாரும் முகம் கோணவில்லை. மைத்துனன் மட்டும் 'குடோன் மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தான். ஊர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

பெயர் அவரை உறுத்தவில்லை. சாப்பாடுதான் உறுத்தியது. மாமியார் கரண்டியோடு வரும்போதே தட்டின் மேல் கையை விரித்து, "போதும் அத்தை" என்பார். பாதி வயிறுகூட நிறைந்திருக்காது. சம்பாதிக்காதவன் இரண்டாம் கரண்டி கேட்பதா என்ற ரோஷம். அந்த ரோஷமெல்லாம் வயிற்றுக்குப் புரிய வேண்டுமே!

ஏதாவது ஒரு வேலையில் கைகொடுக்கத் துடித்தார். களைக்கொத்தைக் கொடுத்தால் களையை விட்டுவிட்டுச் செடியைக் கொத்தினார். மைத்துனன் கும்பிடு போட்டு வாங்கி வைத்துக்கொண்டான்.

அந்தச் சமயத்தில்தான் மாமியாரும் மைத்துனனும் மைத்துனனின் பெரியம்மா வீட்டு அறுவடைக்கு உதவ நாலு நாள் போனார்கள். மாப்பிள்ளை தற்செயலாக அடுக்களை மூலையில் இருந்த விதைப் பானையைத் திறந்தார். சிவப்பு, வெள்ளை, புள்ளிப் பயறு, சுண்டிப்போன குட்டிக் கறுப்பு எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. அவருக்குக் கை பரபரத்தது. பாவம், பிரிக்க நேரமில்லை போலிருக்கிறது என்று நினைத்தார்.

"அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்களேன்" என்றாள் பெண்டாட்டி.

"இதைக்கூடவா கேக்கணும்? எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை இதானே!"

மூன்று நாள் குனிந்த தலை நிமிரவில்லை. மூன்று டப்பாக்களில் சிவப்பும் வெள்ளையும் புள்ளியும் பளபளவென்று நிறைந்தன. கறுப்பு? குடோன் சட்டப்படி அது கழிவு. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் எருக்குழியில் கொட்டி, குச்சியால் கிளறியும் விட்டார்.

திரும்பி வந்த மாமியார் டப்பாக்களைத் திறந்து பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"கறுப்பு எங்கங்க மாப்பிள்ளை?"

"அது சொத்தை அத்தை. எருக்குழியில போட்டுட்டேன்."

மாப்பிள்ளையை மரியாதை குறைத்துப் பேச அந்த அம்மாளுக்கு வாய் வராது. வந்த கோபமெல்லாம் 'ங்க' போட்டுக்கொண்டே வந்தது. "நாலையும் கலந்துதாங்க விதைப்போம். சிவப்பு சீக்கிரம் காய்ச்சுடும். மழை கூடினா வெள்ளை நிக்கும். பூச்சி வந்தா புள்ளி தாங்கும். வானம் கைவிட்டா கறுப்பு ஒண்ணுதாங்க வயித்துக்குப் போடும். எந்த வருஷம் எது வரும்னு யாரு கண்டா? வீட்ல இருந்த கறுப்பு அவ்வளவுதாங்க!"

மைத்துனன் சும்மா இருப்பானா? "சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

உண்ட வீட்டுக்கே ரெண்டகம் செய்துவிட்டோமே என்று அவருக்கு உறைத்தது. நேராகப் போய் எருக்குழியில் இறங்கினார். முழங்கை வரை சாணி. சூட்டில் வெந்தது பாதி, முளைத்து அழுகியது பாதி. நல்லதாகக் கிடைத்ததைச் சட்டை நுனியில் துடைத்துச் சொம்பில் போட்டார். பெண்டாட்டி வந்து பக்கத்தில் குந்திப் பொறுக்கினாள். 'நான் அப்பவே சொன்னேன்' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதற்கே அவளுக்குக் கோயில் கட்டலாம். இரண்டு நாளில் ஒரு சொம்பு தேறியது. இருந்ததோ ஒரு குடம்.

மாமியார் அதை மற்ற மூன்றோடு கொட்டிக் கையால் கிளறினார். "பாப்போம்" என்றார். முதல் மழைக்கு விதைத்தார்கள்.

இரண்டு மழை பெய்தது. அதற்குப் பிறகு வானம் வாயைத் திறக்கவில்லை. முதலில் வெள்ளை வாடியது. புள்ளி பூவோடு கருகியது. சிவப்பு பேருக்குக் காய்த்துவிட்டுச் சாய்ந்தது. மாப்பிள்ளை விடிந்ததும் போய்க் கறுப்பின் முன்னால் நிற்பார். களைக்கொத்து இப்போது அவர் கையில்தான். ஒரு செடிகூட வெட்டுப்படவில்லை. கறுப்பு உச்சிவெயிலில் இலையை மடக்கிக்கொள்ளும், வெயில் தாழ்ந்ததும் விரிக்கும். மற்றவை செத்த இடத்தையெல்லாம் அது தரையோடு படர்ந்து பிடித்துக்கொண்டது. காய் குட்டிக் குட்டியாக வந்தது, ஆனால் வந்தது.

நகரத்துக் கடைகளில் பயறு இல்லை, இருக்கிற கடையில் வரிசை தெரு திரும்புகிறது என்று செய்தி வந்தது. இங்கே அடுத்த அறுவடை வரைக்கும் ஐந்து வயிற்றுக்குக் காணும்படி இருந்தது. மாமியார் முதலில் விதைப் பானையை நிரப்பினார். மாப்பிள்ளை காய்ந்த சருகை உதறி உதறி ஒரு பிடி வெள்ளை எடுத்து வந்து அதில் போட்டார். மழை கூடுகிற வருஷமும் வருமே!

அன்று மத்தியானம் புதுப் பயறு வெந்தது. மாமியார் கரண்டியோடு வந்தார். பழக்கதோஷம், மாப்பிள்ளையின் கை தட்டின் மேல் போனது.

"கையை எடுங்க மாப்பிள்ளை. இது நீங்க எருக்குழியில பொறுக்கினது."

கையை எடுத்தார். கரண்டி இரண்டாம் தடவை வந்தது, மூன்றாம் தடவையும் வந்தது.

"அம்மா, குடோன் இன்னும் நிறையல போல" என்றான் மைத்துனன்.

வீடே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. துடைக்கவில்லை, கை சாப்பிட்டுக்கொண்டிருந்தது.