தாழ்வாக விட்ட கரை

அறுபதுகளில் செஞ்சியில் நான் ஏரிகளைப் பார்த்துக்கொள்ளும் ஓவர்சீயர். கணக்கில் புலி என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டிருந்த வயது.

ஊரை ஒட்டிய ஏரிக்கரையை உயர்த்தச் சொன்னார்கள். முழுக்கரைக்கும் பணம் போதாது. எங்கே உடைந்தால் எவ்வளவு நஷ்டம் என்று பகுதி பகுதியாகக் கணக்குப் போட்டேன். நடுக்கரைக்குக் கீழே ஒரு தெருவே இருந்தது. கிழக்கு முனைக்குக் கீழே வெறும் முள், புறம்போக்கு என்றது கிராமக் கணக்கு. நடுக்கரையை முடிந்தவரை உயர்த்தி, கிழக்கு முனையை ஒரு முழம் தாழ்வாகவே விட்டேன். வெள்ளம் மீறினால் அந்த வழியாகப் போய்த் தொலையட்டும் என்பது ஏற்பாடு. சித்திரை வெயிலுக்குப் பயந்து அந்த முனைவரை நடந்து பார்க்கவில்லை. மேலதிகாரி தட்டிக்கொடுத்தார்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாளாக ராஜகிரி மலை உச்சி கண்ணில் படவில்லை. நாலாம் நாள் காலை கரைக்கு ஓடினேன். தண்ணீர் கிழக்கு முனையைத் தொட ஒரு சாண்தான் பாக்கி. அங்கே ஓர் அம்மாள், நடுக்கரைக்கென்று நாங்கள் இறக்கியிருந்த மணல் மூட்டைகளைத் தூக்கிவந்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். கீழே எட்டிப் பார்த்தேன். முள் இல்லை. பால் பிடித்த நெல் நின்றது.

பயம் எனக்கு எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும். "யார கேட்டு அடுக்கற? எடும்மா எல்லாத்தையும்."

"இன்னாத்துக்கு சார் எடுக்கணும்? மூணு வருசமா முள்ளு வெட்டி கழனியாக்கினது. ரெண்டு வரிசை வெச்சா பொழைச்சிக்கும்."

"இங்க அடைச்சா நடுக்கரை தாங்காது. தெரு மொத்தமும் போயிடும்."

அவர் நடுக்கரைப் பக்கம் பார்த்தார். "என் தங்கச்சி வூடு அங்கதான் இருக்குது. கைக்கொழந்தக்காரி."

தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது.

"தண்ணி இந்தப் பக்கம்தான் வரும்னு உங்களுக்கு எப்ப தெரியும் சார்?"

"சித்திரையிலயே."

"நான் நாத்து வுட்டது ஆவணியில."

அவர், தான் வைத்த மூட்டைகளைத் தானே எடுக்கத் தொடங்கினார். நானும் கை கொடுத்தேன். கடைசி வரிசையை எடுத்து முடிப்பதற்குள் தண்ணீர் எங்கள் கணுக்காலைத் தாண்டி இறங்கியது. அரைமணியில் நெல் தெரியவில்லை. தெருவில் ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் நுழையவில்லை.

மழை விட்டதும் ஆபீசில் உட்கார்ந்து, அந்தக் கழனியையும் சேர்த்துக் கணக்கை மறுபடி போட்டேன். தப்பு என்று வந்தால் தேவலை என்றிருந்தது. வரவில்லை. கிழக்கு முனையைத் தாழ்வாக விட்டதுதான் அப்போதும் சரி. ஆவணிக்கு முன்னால் அங்கே நடந்துபோய் அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்குக் காலணா செலவாகியிருக்காது. நான் மிச்சம் பிடித்தது அந்த ஒரு வார்த்தையைத்தான்.