ஈயம் ஊற்றிய பிளைவீல்

என் அக்கா ஆனந்தமேரியின் கணவர் ஸ்தனிஸ்லாஸை வேலையை விட்டு நிறுத்திய விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. திண்டுக்கல்லில் பொன்னழகு என்பவரின் லேத்துப் பட்டறையில் பதினோரு வருடம் நின்று வேலை பார்த்த மனிதர். அந்தப் பட்டறைக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அவர் கைதான். முதலாளிக்கு நாற்காலியில் உட்காரத்தான் தெரியும்.

அறுபத்தொன்றாம் வருடம், ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிக்காரர் நாச்சிமுத்து தன் காரின் பிளைவீலைக் கொண்டுவந்தார். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனத்த இரும்புச் சக்கரம் அது. கனத்தைக் குறைத்தால் வண்டி சட்டென்று வேகம் பிடிக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மச்சான் ஓரத்தைக் கடைந்து அளவாகக் குறைத்தார். பிறகு நடுவில் ஒரு தண்டைச் செருகி, மட்டம் பார்த்து வைத்த இரண்டு இரும்புப் பட்டைகளின் மேல் உருள விட்டார். கனமான பக்கம் தானாகக் கீழே வந்து நிற்கும். அப்படி ஒரு பக்கம் கனத்தால் ஓடும்போது வண்டி உதறும். அந்தப் பக்கத்தில் கனம் குறையச் சிறு சிறு குழியாகத் துளைத்தார். எங்கே நிறுத்தினாலும் அங்கேயே சக்கரம் நிற்கும்வரை மனிதர் விடவில்லை. ஒரு பகல் முழுக்க அதற்கே போயிற்று. நாச்சிமுத்து அதை வாங்கிக்கொண்டு போய்த் தன் மெக்கானிக்கை வைத்து மாட்டிக்கொண்டார்.

பத்தாம் நாள் காரோடு வந்து இறங்கினார். வண்டி கிடுகிடுவென்று உதறியது. "ஏனுங்க, இதுக்குப் பேரு வேலைங்களா? பல்லெல்லாம் ஆடுதுங்க!" என்று தெருவே கூடும்படி கத்தினார்.

"கழட்டிப் பாத்துருவோம் மொதலாளி" என்றார் மச்சான்.

பொன்னழகு கேட்டாரா? "கழட்டி வேற பாக்கணுமாக்கும்! கண்ணு முன்னால வண்டி ஆடுது. நாளையிலருந்து நீ வர வேணாம்" என்றார். அவ்வளவுதான். பதினோரு வருடம்! அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம், ஏற்கெனவே மூன்று பிள்ளைகள். அந்த ஆளுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா?

மறுநாள் மச்சான் தன்னுடைய அந்த இரண்டு பட்டைகளையும் தண்டையும் சாக்கில் சுற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் பஸ் ஏறினார். நான் பள்ளிக்கூட வாத்தியார். லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கூடப் போனேன்.

"எந் தப்பா இருந்தா இங்கனயே எல்லாரு முன்னாலயும் ஒத்துக்கிறேன். வண்டியக் கழட்டச் சொல்லுங்க" என்றார் மண்டி வாசலில். நாச்சிமுத்து முனகிக்கொண்டே மெக்கானிக்கைக் கூப்பிட்டார். மத்தியானத்துக்குள் சக்கரம் வெளியே வந்தது. மச்சான் போட்ட குழிகளில் ஒன்றைக்கூடக் காணோம். எல்லாவற்றையும் ஈயம் ஊற்றி அடைத்து, தேய்த்து, பளபளவென்று வைத்திருந்தார்கள்!

"இது யாரு செஞ்சது?"

"நாந்தானுங்க ஊத்தச் சொன்னேன்" என்றார் நாச்சிமுத்து, கூசாமல். "ஓட்டை விழுந்தா மூளிச் சாமானுங்க. பூசை போட்டு ஓட்டுற வண்டில மூளிய வைக்கலாமுங்களா?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஈயம் இரும்பைவிடக் கனம். கனமான பக்கத்தில் மச்சான் எடுத்ததற்கும் மேலே நாச்சிமுத்து திருப்பி வைத்திருக்கிறார்! மச்சான் தண்டைச் செருகிச் சக்கரத்தைத் தூக்கினார். பட்டைகளின் மேல் வைத்துக் காட்டினார். ஈயப் பக்கம் சர்ரென்று கீழே வந்தது. ஈயத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். வைத்த இடத்தில் நின்றது. மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள், உதறலே இல்லை.

நாச்சிமுத்துவைப் பற்றி இதையும் சொல்ல வேண்டும். "பெரிய பாவம் பண்ணிட்டனுங்க" என்று எங்களை அதே காரில் ஏற்றிக்கொண்டு நேரே பட்டறைக்கு வந்தார். தப்பு தன்னுடையது என்று தெருவில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

பொன்னழகு சிரித்தார். சிரித்தார்! "சரி, போனது போகட்டும் அப்பு. நாளைக்கு எப்பயும்போல வந்துரு."

மச்சான் வாசலிலேயே நின்று சொன்னார். "அவரு தெரியாமச் செஞ்சாரு மொதலாளி. நீங்க பதினோரு வருசமா என் வேலையப் பாத்தவரு. ஒரு தடவ கழட்டிப் பாக்கக்கூட உங்களுக்குத் தோணலையே."

மறுநாள் விடிந்ததும் வேலை தேடி மதுரை பஸ் ஏறினார்.