டைனமோவில் ஓடிய தாலாட்டு

பச்சைச் சேலைக்குள் அடைபட்டுக் கிடக்கும்போது உலகம் முழுவதும் ஒரே நிறமாகிவிடும். பின்னேர வெயில் ஜன்னலால் வந்து அந்தப் பழைய நூல்சேலையில் பட, உள்ளே கிடந்த என் கையும் காலும் குளத்துத் தண்ணீருக்குள் கிடப்பவை மாதிரித் தெரிந்தன. வசம்பும் கற்பூரமும் கலந்த ஒரு வாசம் மூக்கைச் சுற்றியது. தலைக்கு மேலே கூரையைத் தாங்கும் 'தீராந்தி'யில் கயிறு ஒருமுறை கிறீச்சிட்டு, கொஞ்சம் பொறுத்து, திரும்பவும் கிறீச்சிட்டது. எனக்கு அப்போது ஏழு வயது முடிந்து எட்டு நடந்துகொண்டிருந்தது. ஏழு வயது முடிந்த பெண்பிள்ளைக்கு 'ஏணை'யில், அதாவது கைக்குழந்தைக்குச் சேலையில் கட்டுகிற தொட்டிலில், என்ன வேலை என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். என் பேச்சை அன்று யார் காதில் வாங்கினார்கள்?

எல்லாவற்றுக்கும் காரணம் 'கம்பஸ் அக்கா'. பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வந்து இணுவில் பக்கத்து வீடுகளில் பழைய பாட்டுகளைச் சேகரித்துக்கொண்டிருந்தவ. தோளில் ஒரு துணிப்பை, பைக்குள் ஒரு ரேப் ரெக்கோடர், ஒரு கொப்பி, எழுதி எழுதித் தேய்ந்த பென்சில். துலா மிதித்து இறைத்த காலத்துப் பாட்டு, நெல் அறுக்கிற அருவி வெட்டுப் பாட்டு, கும்மிப் பாட்டு என்று கேட்டதையெல்லாம் சனம் வெட்கப்பட்டுக்கொண்டாவது பாடிக் கொடுத்துவிட்டது. தாலாட்டு மட்டும் அகப்படவில்லை. பிள்ளை இல்லாத இடத்தில் தாலாட்டுப் பாடக்கூடாது, வெறும் ஏணையை ஆட்டக்கூடாது என்பது எங்கள் ஊரில் சட்டம் மாதிரி. கைக்குழந்தை இருந்த வீடுகளிலோ, தாய் பாடத் தொடங்க, குழந்தை அந்தக் கறுத்தப் பெட்டியைப் பார்த்து வீரிட்டு அழுததாம். கடைசியில் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல எங்கள் வீட்டு வளவைக் காட்டிவிட்டார்கள். "அங்கை ஒரு ஆள் இருக்கிறா. அவ பாடினால் நீங்களும் நித்திரையாப் போவியள்."

அந்த ஆள் என் சின்னம்மா, அம்மாவின் தங்கச்சி. அவவும் சித்தப்பாவும் எங்கள் வளவுக்குள்ளேயே பின்வீட்டில் இருந்தார்கள். அக்கா வந்து விசயத்தைச் சொன்னதும் அம்மாவின் முகம் இருண்டுவிட்டது. வாசல் படலையடிக்கே கூட்டிக்கொண்டுபோய் மெல்லச் சொன்னா, "வேறை ஆரிட்டையும் கேளுங்கோ பிள்ளை. அவளைக் குழப்பாதையுங்கோ."

குழப்பவேண்டாம் என்றதற்குக் காரணம் சேந்தன். சின்னம்மாவின் ஒரே பிள்ளை. பத்து மாதம் இருந்தான். நான்கு பல் முளைத்திருந்தது, என்னைக் கண்டால் என் தலைமயிரைப் பிடித்து இழுப்பான், எனக்குக் கோபம் வரும். ஒரு விடியற்காலை காய்ச்சல் கூடி, சித்தப்பா அவனை மடியில் வைத்துக்கொண்ட சின்னம்மாவைச் சைக்கிள் கரியரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு உழக்கினார். பாதி வழியிலேயே சைக்கிளைத் திருப்பவேண்டி வந்தது. அதற்கு அடுத்த நாள் சித்தப்பா வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போய்விட்டார். அவர் அழுததை ஒருவரும் காணவில்லை. பிள்ளையின் பேரை அதற்குப் பிறகு அவர் வாயில் ஒருவரும் கேட்கவுமில்லை. ஊர் அவரைக் 'கல்லு மனிசன்' என்றது. சின்னம்மாவும் அதை நம்பினா என்பதுதான் பெரிய துயரம். ஒரே கூரையின் கீழ் சோறு, தண்ணீர், மண்வெட்டி என்ற அளவில்தான் இருவரும் கதைத்தார்கள்.

அம்மா அக்காவை அனுப்பப் பார்த்துக்கொண்டிருக்க, சின்னம்மா ஈரக் கையோடு கிணற்றடியிலிருந்து வந்து நின்றா. ரெக்கோடரைச் சுட்டிக் கேட்டா, "இதுக்குள்ளை போனால் அழியாமல் இருக்குமோ?"

"ஓம் அக்கா. கம்பஸிலை வைச்சிருப்பம்," என்றா கம்பஸ் அக்கா.

"அவனை ஒரு படமும் எடுக்கேல்லை. ஒரு இடத்திலையும் அவன்ரை பேர் இல்லை. நான் பாடுறன்," என்றா சின்னம்மா.

போர் நடந்த அந்த வருசங்களில் படம் எடுப்பது லேசான காரியமில்லை. மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை, படச்சுருளுக்கு எங்கே போவது? ஆகவே எனக்கே விளங்கியது, ஏழு வயதுக்கும் விளங்கும் அளவுக்கு விளங்கியது: அந்தப் பிள்ளை இருந்ததற்கு அந்தப் பெட்டி ஒன்றைத்தான் சின்னம்மா சாட்சியாக நினைக்கிறா.

ஆனால் ஏணையில் பிள்ளை கிடக்கவேண்டுமே. வளவில் இருந்த ஒரே பிள்ளை நான். அம்மா உடனே என்னை இழுத்துத் தன் பின்னால் விட்டுக்கொண்டா. "என்ரை பிள்ளையைக் கிடத்திப்போட்டு அவன்ரை பேரைச் சொல்லாதை. கிடக்கிற பிள்ளையின்ரை பேரைத்தான் சொல்லவேணும். விளங்குதோ?"

இருக்கிற பிள்ளையைக் கிடத்தி, போன பிள்ளையின் பேரைப் பாடுவது கூடாது. அதில் அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எனக்கும் இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். சின்னம்மா, "ஓம் அக்கா, கிடக்கிற பிள்ளையின்ரை பேர்தான்," என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் றங்குப்பெட்டியைத் திறந்து, மடித்து வைத்திருந்த அந்தப் பச்சைச் சேலையை எடுத்துக்கொண்டு வந்தா. சேந்தனின் ஏணைச் சேலை அதுதான்.

ரெக்கோடர் ஓடுவதற்குச் சித்தப்பாவின் சைக்கிள்தான் வேண்டும். அப்போது எங்கள் ஊரில் பாட்டுக் கேட்பது, செய்தி கேட்பது எல்லாம் இப்படித்தான்: சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, ஒருவர் குந்தியிருந்து கையால் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுப்பது, சுற்றுகிறவர் கை சோர்ந்தால் பாடுகிறவரும் சோர்ந்துபோவார். சில்லுச் சுற்றும் இரைச்சல் பதியக்கூடாது என்று அக்கா சொன்னதால், சித்தப்பா சைக்கிளைச் சுவருக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்தினார். "வயரை ஜன்னலாலை தாங்கோ," என்றார். அவர் அன்று கதைத்தது அவ்வளவுதான். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தனியே பெடலடியில் குந்தினார்; ஜன்னல் திறந்திருந்தது.

என்னை ஏணையில் இறக்கினார்கள். முழங்காலை மடித்து, முதுகை வளைத்து, பழச் சாக்குக்குள் போட்ட பிலாப்பழம் மாதிரிக் கிடந்தேன். பள்ளிக்கூடத்தில் தெரிந்தால் மானம் போகும் என்ற கவலைதான் முதலில். பிறகு சின்னம்மா கயிற்றைத் தொட்டு ஆட்டத் தொடங்கினா. அந்தக் குரலை நான் எப்படிச் சொல்ல? பெரிய குரல் இல்லை. வாயைத் திறந்து பாடியது மாதிரியும் இல்லை. கிணற்றடி வாழையில் குருவி உறங்குகிறது, குருவிக்குக் கீழே நிழல் உறங்குகிறது, நிழலுக்குள்ளே சுகந்தி உறங்குகிறாள் என்று என் பேர் வந்தது; பேர் வந்தவுடன் என் கவலையெல்லாம் எங்கேயோ போய்விட்டது. பச்சை வெளிச்சம் முன்னும் பின்னும் போய்வந்தது. தூரத்தில் சில்லின் இரைச்சல் வண்டு சுற்றுவதுபோலக் கேட்டது. நான் உறங்கமாட்டேன், கடைசிவரை கேட்பேன் என்று பிடிவாதமாகக் கண்ணைத் திறந்து வைத்திருந்ததுதான் ஞாபகம். எப்போது மூடினேன் என்பது ஞாபகமில்லை.

எழும்பியபோது பாயில் கிடந்தேன். ஏணை அவிழ்க்கப்பட்டிருந்தது. அக்கா பதிந்ததை ஒருக்காப் போட்டுப் பார்ப்போம் என்றாவாம். சித்தப்பா வயரைக் கழற்றிச் சுற்றி வைத்துவிட்டுத் 'தண்ணி மாற'ப் போய்விட்டாராம். தோட்டத்துப் பாத்தி பாத்தியாக நீரைத் திருப்புகிற வேலை அது. பதிந்ததைக் கேட்கவும் விடாமல் அது என்ன அப்படி ஒரு அவசரம் என்று அம்மா முணுமுணுத்தா. சின்னம்மா பச்சைச் சேலையை மடித்துக்கொண்டிருந்தா. நான் உறங்கின பிறகு அவ யார் பேரைப் பாடினா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு இடம்பெயர்ந்தோம், திரும்பினோம், வேறு கவலைகள் வந்தன, அந்தக் கேள்வி அப்படியே கிடந்தது.

போன மாதம் எனக்கு ஒரு அழைப்பு வந்தது. பழைய கசெற்றுகளையெல்லாம் கணினியில் ஏற்றுகிற வேலையில் இருக்கும் ஒரு தம்பி. கசெற்றின் மேலே பென்சிலால் எங்கள் ஊரும் சின்னம்மாவின் பேரும் எழுதியிருந்ததாம், விசாரித்து விசாரித்து என்னைப் பிடித்துவிட்டார். போனேன். காதில் மாட்டினார். முதலில் கயிற்றின் சத்தம், பிறகு குருவி, வாழை, சுகந்தி. மெல்ல மெல்ல என் குறட்டை. அதற்குப் பிறகு கயிறு நின்றது. ஒரு பிள்ளையை ஆட்டுகிற கையை எடுத்துவிட்டு, அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் வந்துவிடாதபடி ஏணையை நிறுத்திவிட்டு, சின்னம்மா இன்னொரு பாட்டைத் தொடங்கினா.

"தண்ணி மாறி அப்பா வாறார்,
தாழ்வாரத்தில் கால் கழுவி,
ஈரக்கை துடைச்சுக்கொண்டு
என் சேந்தனைத் தூக்க வாறார்."

சேந்தன் என்ற இடத்தில் குரல் மாறிவிட்டது. மெலிந்து, கீச்சிட்டு, ஒரு சின்னப் பிள்ளை பாடுவது போல ஓடி, நாலு வரிக்குப் பிறகு பழையபடி தடித்தது.

"அதிலை ஸ்பீட் பிழைச்சுப்போச்சு மிஸ்," என்றார் தம்பி. "பதியேக்கை ரேப் மெதுவா ஓடியிருக்கு. அதுதான் இப்ப போடேக்கை கீச்சிடுது. கொம்பியூட்டரிலை சரியாக்கிவிடலாம்."

பொறும் தம்பி என்று சொல்லிவிட்டு, அதை அப்படியே என் போனில் ஏற்றிக்கொண்டு சின்னம்மாவிடம் போனேன். சித்தப்பா காலமாகி மூன்று வருசமாகிறது. பின்வீடு இடிந்து, தீராந்தி விறகாகி, அந்த மூலையில் இப்போது தண்ணீர்த் தாங்கி நிற்கிறது. டைனமோவை என் பிள்ளைகள் படத்தில்கூடக் கண்டிருக்கமாட்டார்கள். கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்த சின்னம்மாவின் காதில் போனை வைத்தேன்.

"உனக்கு அப்பவே குறட்டையடி," என்று சிரித்தா. பிறகு சிரிப்பு நின்றது. பாட்டு முடிந்ததும், "கடைசியிலை ஏன் என்ரை குரல் அப்பிடி?" என்று கேட்டா. ரேப் மெதுவாக ஓடினால் அப்படி வரும் என்று விளங்கப்படுத்தினேன். ரேப் ஏன் மெதுவாக ஓடியது என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பெடலைச் சுற்றிய கை யாருடையது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

திரும்பவும் போடச் சொன்னா. போட்டேன். மூன்றாம் தரமும் கேட்டா. கறிவேப்பிலைத் தட்டு மடியிலிருந்து சரிந்ததைக் கவனிக்கவில்லை.

"இவ்வளவு காலமும் அந்த மனுசனைக் கல்லெண்டு நினைச்சுப்போட்டனடி," என்றா. கண்ணைச் சேலைத்தலைப்பால் துடைத்துக்கொண்டு சொன்னா, "அந்தத் தம்பியிட்டைச் சொல்லு, அதிலை கை வைக்கவேண்டாமெண்டு. அவர் அழுத சத்தமெண்டு எங்கடை வீட்டிலை இருக்கிறது அது ஒண்டுதான்."